புறக்கணிப்பிலிருந்து மீட்கப்பட்ட நாய்களின் மறுவாழ்வு

போதிய உணவோ மருத்துவமோ மனிதப் பழக்கமோ இல்லாமல் வளர்ந்த நாய்களை மீட்டு, உடலைத் தேற்றி, அச்சத்தைத் தெளிவித்து, ஏற்ற வீட்டில் சேர்ப்பதுவரை நீளும் பணி இது. இவ்வாறு மீட்கப்படுபவற்றில் மூன்று வகை நாய்களை மீட்பாளர்கள் அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். ‘பப்பி மில்’ எனப்படும் இனப்பெருக்கக் கூடங்களில் குட்டி ஈனுவதற்காகவே அடைத்து வைக்கப்பட்டவை ஒரு வகை. பராமரிக்க முடியாத அளவுக்கு ஒரே வீட்டில் சேர்த்து வைக்கப்பட்டவை இன்னொரு வகை. கொல்லையிலோ மொட்டை மாடியிலோ ஆயுள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தவை மூன்றாவது. பட்டினியும் சொறியும் கண்ணுக்குத் தெரிகிற கேடுகள்; சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் ஆறிவிடும். மனிதரைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் அச்சம் அப்படி ஆறுவதில்லை. மறுவாழ்வுப் பணியின் பெரும்பகுதி அதோடுதான்.

அச்சத்தின் மூலம்

மீட்டு வந்த நாய் ஆளைப் பார்த்து ஒடுங்கினால், ‘யாரோ போட்டு அடித்திருக்கிறார்கள்’ என்பதுதான் பார்ப்பவர் வாயில் முதலில் வரும் சொல். சில நாய்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒடுங்கும் நாயெல்லாம் அடி வாங்கிய நாய் இல்லை. பல நாய்களின் மேல் யாரும் கை ஓங்கியதே கிடையாது. யாரும் அருகில் வந்ததும் கிடையாது. குட்டிப் பருவத்தில் பழகியிருக்க வேண்டிய எதுவும் பழக்கமாகாமல் போனதே அவற்றின் குறை.

இதற்கு ஆதாரமான ஆய்வு 1961-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவரும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பரில், உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில் குட்டிகளைத் தாயோடு வளரவிட்டார்கள். மனித வாடையே அவற்றுக்குக் கிடையாது. 2, 3, 5, 7, 9 வார வயதுகளில் சில குட்டிகளை மட்டும் எடுத்து, ஒரு வாரம் மனிதரோடு பழகவைத்துத் திரும்ப விட்டார்கள். 14 வாரம்வரை யாரோடும் பழகாமல் இருந்த குட்டிகள் காட்டு விலங்கைப் போல மனிதரைக் கண்டு ஓடின. பிறகு பழக்க முயன்றும் பெரிய பயன் இல்லை. அதே ஊரில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும், பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரமளவில் முடியும் காலமே நாய் உலகத்தோடு பழகிக்கொள்ளும் காலம் என்று 1965-இல் தங்கள் நூலில் விரிவாக எழுதினார்கள்.

நம் தெருக்களில் இதைத் தலைகீழாகப் பார்க்கலாம். டீக்கடை வாசலில் பன்ரொட்டி தின்று வளர்ந்த நாட்டு நாய்க்குட்டி ஆள், ஆட்டோ, அடைமழை எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய சாதிநாய், கூண்டிலேயே வளர்ந்திருந்தால், அந்தப் படிப்பு இல்லாமல் வருகிறது.

இனப்பெருக்கக் கூடங்களில் இருந்து தத்துப்போன 1,169 நாய்களை ஃப்ராங்க்ளின் மெக்மிலனும் உடன் ஆய்வாளர்களும் சாதாரண வீட்டு நாய்களோடு ஒப்பிட்டு, முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். தொட்டால் சுருங்குதல், வீட்டுக்குள் அசுத்தம் செய்தல், எதையோ வெறித்துப் பார்த்தபடி நிற்றல், புதிய எதையும் கண்டு அஞ்சுதல் ஆகியவை அவற்றிடம் மிகுதியாக இருந்தன. அந்நியரிடம் மூர்க்கம் காட்டுவதோ வீட்டு நாய்களைவிடக் குறைவு. பயந்த நாய் கடிக்கும் என்ற பொது எண்ணத்துக்கு இது ஒத்துப்போகவில்லை. இந்த நாய்களில் பல, கடிப்பதற்கு முன்பே கைகால் உறைந்துபோகிறவை.

உடலைத் தேற்றுதல்

எலும்பும் தோலுமாக ஒரு நாய் வந்து சேர்ந்தால் ஒரு சட்டி நிறையச் சோறும் கறியும் வைக்க மனம் தவிக்கும். அதுவே அதைக் கொன்றுவிடலாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென உணவு சேரும்போது இன்சுலின் பெருகுகிறது. இரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து, இதயத் துடிப்பு தடுமாறி, மூச்சுத் தசைகள் ஓயும். பட்டினி கிடந்த போர்க்கைதிகளிடமும் மருத்துவர்கள் கண்ட கேடுதான் இது. எனவே முதல் நாள், நாயின் ஓய்வுநிலைத் தேவையில் கால் பங்கு அளவே தொடங்கி, சிறு சிறு வேளைகளாகப் பிரித்து, சில நாட்களில் முழு அளவுக்கு உயர்த்துவது வழக்கம். தயமின் என்னும் வைட்டமினும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

உண்ணி, அது பரப்பும் காய்ச்சல், குடற்புழு, சொறி, பல்நோய், கழுத்துச் சதைக்குள் புதைந்துபோன பட்டை அல்லது சங்கிலி என்று மற்றவை எல்லாம் கால்நடை மருத்துவர்களுக்கு அன்றாடம். இதயப்புழு மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ஊசி போட்டு முதிர்ந்த புழுக்களைக் கொன்ற பின், செத்த புழுத் துண்டுகள் நுரையீரல் நாளங்களை அடைக்காமலிருக்க நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் வைக்க வேண்டும். இப்போதுதான் ஓடக் கற்ற நாயைத் திரும்பவும் அடைத்து வைப்பது, கவனிப்பவருக்கும் தண்டனைதான்.

மனத்தைத் தேற்றுதல்

முறை எளிது, காலம்தான் பிடிக்கும். நாய் அஞ்சும் பொருளை, அது தாங்கும் தொலைவில் வைத்துக் காட்டுவார்கள். காட்டும்போதெல்லாம் கோழித்துண்டு மாதிரி அதற்கு மிகப் பிடித்த ஒன்று கிடைக்கும். தொலைவு நாளுக்கு நாள் குறையும். நாய் திரும்பிக்கொண்டால், உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். ‘தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சினால் சரியாகிவிடும்’ என்பது நல்ல மனத்தில் பிறக்கும் கெட்ட யோசனை. தப்பிக்க வழியில்லாத நாய் அசையாமல் கிடப்பதை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிட்ட வருவதா, போவதா என்பதை நாயே முடிவு செய்யும்படி விடுவதுதான் இந்தச் சிகிச்சையின் மையம். தைரியமான இன்னொரு நாயைத் துணைக்கு விடுவதும் உண்டு. மனிதரை நம்பாத நாய், மனிதரை நம்பும் நாயைப் பார்த்துக் கற்கிறது. தேவைப்பட்டால் ஃப்ளூவாக்ஸிடின் போன்ற மருந்துகளும் தரப்படும். அவற்றின் பலன் முழுதாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

1866-இல் தொடங்கிய அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இதற்கென்றே தனி நிலையம் நடத்துகிறது. 2013-இல் நியூ ஜெர்சியில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2018-இல் வட கரோலினாவின் வீவர்வில் என்ற ஊரில் நிலையான கட்டடத்துக்கு வந்தது. சோபாவும் தொலைக்காட்சியும் கொண்ட, வீடு போன்ற அறைகளில் அங்கே பயிற்சி நடக்கும். கடும் அச்சம் கொண்ட 441 நாய்களுக்கு அளித்த சிகிச்சையைப் பற்றி 2022-இல் அறிக்கை வெளியானது. 380 நாய்கள், அதாவது 86 விழுக்காடு, சராசரியாகச் சுமார் மூன்று மாதத்தில் தேறின. 61 நாய்கள் தேறவில்லை. இரண்டாவது எண்ணையும் மறைக்காமல் சொன்னதே அந்த அறிக்கைக்கு மதிப்புத் தருகிறது.

வெர்ஜீனியாவின் இரு வழக்குகள்

2007 ஏப்ரலில் வெர்ஜீனியாவின் சர்ரி மாவட்டத்தில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் நிலத்தில் நாய்ச்சண்டைக் கூடம் பிடிபட்டது. வீட்டுக்குப் பின்னால் காட்டில், மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் பிட்புல் நாய்கள் கனத்த சங்கிலிகளால் கட்டப்பட்டிருந்தன. ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. அக்காலத்தில் சண்டைக் கூடங்களில் பிடிபட்ட நாய்களை மொத்தமாகக் கொன்றுவிடுவதே நடைமுறை. அமெரிக்காவின் பெரிய விலங்குநல அமைப்புகள் சிலவும் அதையே சொல்லின. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே மதிப்பிட வைத்தது; அவற்றின் நலனைப் பார்த்துக்கொள்ளச் சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ்ஸை நியமித்தது. மதிப்பிடப்பட்ட 49 நாய்களில், மூர்க்கத்தின் காரணமாகக் கொல்லப் பரிந்துரைக்கப்பட்டது ஒன்றே ஒன்று. பராமரிப்புக்காக விக் 9 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

நாய்களைப் பொறுப்பேற்றவர்கள் மூர்க்கத்துக்குத் தயாராகப் போய், வேறொன்றைக் கண்டார்கள். பல நாய்கள் தரையோடு தரையாகப் படுத்து நகர மறுத்தன. மீட்பாளர்கள் அவற்றை ‘பான்கேக் நாய்கள்’ என்று அழைத்தார்கள். நம் ஊராக இருந்தால் தோசை என்றிருப்போம். வழக்குச் சான்றுகள் என்பதால் மாதக்கணக்கில் அரசுக் காப்பகக் கூண்டுகளில் கிடந்ததும் அவற்றை மேலும் ஒடுக்கியிருந்தது. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் கானாப் அருகே ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ சரணாலயத்துக்குப் போயின. மற்றவற்றில் 10 கலிஃபோர்னியாவின் ‘பேட் ராப்’ அமைப்பிடம் சேர்ந்தன. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைகளின் அருகில் உட்கார்ந்து கேட்கும் துணைநாயாயிற்று. சண்டைகளில் வென்றதாகக் கருதப்பட்ட லூகாஸ் சரணாலயத்திலேயே ஆயுள் முழுக்க இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே அது வருவோர் போவோர் எல்லோருக்கும் செல்லமாக வாழ்ந்தது. அந்நாய்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஃப்ரோடோ 2021 டிசம்பரில் இறந்தது.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டத்தில் பிடிபட்ட பிட்புல் நாய்கள், குட்டிகள் உட்பட 140-க்கு மேல், 2009 பிப்ரவரியில் மதிப்பீடு ஏதுமின்றிக் கொல்லப்பட்டன. அதற்கு எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அமெரிக்க மனிதநேயச் சங்கம் தன் கொள்கையைத் திருத்திக்கொண்டது.

இரண்டாவது வழக்கு அளவில் பெரியது. ஆய்வுக்கூடங்களுக்காகப் பீகிள் நாய்களை வளர்த்த என்விகோ நிறுவனத்தின் வெர்ஜீனியா கூடத்தில் இருந்து, 2022 ஜூலை தொடங்கி இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 4,000 நாய்கள் வெளியே கொண்டுவரப்பட்டன. அவை நாடு முழுதும் நூற்றுக்கும் மேற்பட்ட காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அவற்றில் பல புல்லில் கால் வைத்ததே அப்போதுதான். 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனம் மொத்தம் 3.5 கோடி டாலருக்கு மேல் செலுத்த இணங்கியது.

புது வீடு

காப்பகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது குரைப்பும் கூண்டுமான இடம். காப்பகத்தில் சேர்ந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் இரத்தத்தில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் மிக உயர்ந்து நிற்பதை 1997-இல் மைக்கேல் ஹென்னசி குழுவினர் அளந்து காட்டினார்கள். 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வில், காப்பக நாய்கள் ஒன்றிரண்டு இரவுகள் ஒரு வீட்டில் தங்கி வந்தபோது கார்டிசால் அளவு இறங்கியது. திரும்பி வந்ததும் பழைய அளவுக்கே ஏறியது. மீட்பாளர்கள் ‘ஃபாஸ்டர்’ என்று சொல்லும் தற்காலிக வீடுகளுக்கு அலைவது இதனால்தான். ஃபாஸ்டர் வீட்டில்தான் நாயின் உண்மைக் குணமும் தெரியவரும். குக்கர் விசிலுக்கு என்ன செய்கிறது, மாடிப்படி ஏறுகிறதா, பூனையைப் பார்த்தால் எப்படி, தனியே விட்டால் கதவைப் பிராண்டுமா என்பதைக் கூண்டுக்கு வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது.

தத்தெடுப்பவர் வீட்டில் முதல் சில வாரங்களே ஆபத்தானவை. பயந்த நாய் கதவிடுக்கில் நழுவி ஓடினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது. அந்தப் பெயர் தன்னுடையது என்றே அதற்கு இன்னும் தெரியாது. கழுத்துப்பட்டை, மார்புப்பட்டை இரண்டிலும் கயிறு மாட்டி நடத்துவது அதனால்தான். மூன்று நாளில் திகைப்பு தீரும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தனதாகும் என்று மீட்பாளர்களிடையே ஒரு கணக்கு உண்டு. ஆய்வில் பிறந்த கணக்கு இல்லை. தத்தெடுத்த மறுவாரமே நாயைத் திருப்பிக் கொண்டுவருபவர்களைப் பொறுக்க வைக்க உதவுகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் இப்படிப்பட்ட நாயை வீட்டுக்கு அழைத்துப் போகாமலிருப்பது நல்லது. உறவினர் எல்லோரும் வந்து பார்க்கும் வரவேற்பு விழாவும் வேண்டாம்.

சட்டம்

புறக்கணிப்பு உற்பத்தியாகும் இடத்திலேயே தடுக்கும் முயற்சியாக, இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் ‘லூசி சட்டம்’ நடைமுறைக்கு வந்தது. வேல்ஸ் நாட்டின் இனப்பெருக்கக் கூடத்தில் இருந்து மீட்கப்பட்ட ஒரு நாயின் பெயர் அதற்கு. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்க அது தடை விதித்தது. வாங்குபவர் குட்டியைத் தாயோடு பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள், ஒரு பெண் நாய் ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது என்றும், 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்றும் சொல்கின்றன.

நாயைக் கட்டியே வைத்திருப்பதை இந்தியச் சட்டம் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், வழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடக்கவிடாமல் இருப்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல்.