குழல் விட்டமும் குடிமகனும்

தற்காப்பிற்கென ஒருவர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முற்படுகையில் அவர் முன் எழும் முதல் வினா, அதன் குழல் எத்தனை விட்டம் உடையதாக இருக்கவேண்டும் என்பதாகும். குழல் பெரிதாயின் ரவையும் பெரிது. அது தாக்கும் வலியும் பெரிது. ஆயினும் துப்பாக்கி கனக்கும், கையை உதைக்கும், அதில் அடங்கும் தோட்டாக்களும் குறையும். குழல் சிறிதாயின் எடுத்துச் செல்லுதல் எளிது, குறி தவறாமல் சுடுதலும் எளிது. ஆனால் தாக்க வருபவனை அது தடுத்து நிறுத்துமா என்ற ஐயம் எஞ்சி நிற்கும். மேனாடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் விவாதம் இது. நம் நாட்டிலோ, இவ்வினாவிற்குரிய விடையின் பெரும்பகுதியைத் துப்பாக்கி வாங்குபவர் கூறுவதில்லை. சட்டம் முன்னரே கூறிவிட்டது. அவ்விடை எப்போது, எந்த அச்சத்தினின்று பிறந்தது என்பதை, நம்மவர் லட்சக்கணக்கில் வாழும் பெங்களூர் நகரை நடுவாக வைத்து ஆராய்வோம்.

முதலில் குழல் விட்டம் என்பதன் பொருளை அறிந்துகொள்ளுதல் நலம். பழங்காலத்தில் அதனை அங்குலத்தால் அளக்கவில்லை. ஈயத்தின் எடையால் அளந்தனர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்று எக்குழலில் செல்லுமோ அதுவே பன்னிரண்டாம் எண் குழல். இன்றும் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இக்கணக்கே வழங்குகிறது. அக்காலத்துத் துப்பாக்கிக்காரர் மருந்தையும் ஈய உருண்டையையும் குழலின் வாய் வழியாகவே இட்டுக் கெட்டித்தார். வெடிமருந்தும், ஈயமும், ஒரு வார்ப்பு அச்சும் இருந்தால் போதும். தமக்கு வேண்டிய ரவையைத் தம் வீட்டு அடுப்பிலேயே வார்த்துக்கொள்ளலாம். திப்பு சுல்தான் காலத்துப் பெங்களூரின் நிலையும் இதுவே. அக்காலத்து வெடிமருந்துக் கிடங்கு ஒன்று நகர ரயில் நிலையத்தின் அருகில் இன்றும் நிற்கிறது. இருப்புப்பாதை அமைப்பதற்காக 2017ஆம் ஆண்டில் அச்செங்கல் கட்டடத்தை இடிக்காமல், அப்படியே பெயர்த்து ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவு நகர்த்தி வைத்தனர். அக்கிடங்கு எழுந்த காலத்தில், ஒருவருடைய ரவை எந்த விட்டத்தது என்று ஓர் அரசு கவலைகொள்ளப் பெரிதும் காரணமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறிற்று. மருந்து, ரவை, தீப்பொறி தரும் பொருள் ஆகிய மூன்றையும் ஓர் உலோகக் கூட்டினுள் அடைத்த தோட்டா தோன்றிற்று. அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் இத்தகைய தோட்டாவை ஏற்கும் தங்கள் முதல் ரிவால்வரை 1857ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதே ஆண்டில் நம் நாட்டில் பெரும் கிளர்ச்சி மூண்டது என்பதை நேயர்கள் அறிவர். உலோகத் தோட்டாவை வீட்டு அடுப்பில் செய்ய இயலாது. அது தொழிற்சாலையிலிருந்தே வரவேண்டும். ஒரு விட்டத்துத் தோட்டா மற்றொரு விட்டத்துக் குழலில் பொருந்தாது. ஆகவே, எந்தத் தோட்டா எவர் கைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பவர், எந்தத் துப்பாக்கி சுடும், எது சுடாது என்பதையும் தீர்மானிப்பவர் ஆனார். குழல் விட்டம் அரசியல் விஷயமானது இவ்வாறுதான்.

1860ஆம் ஆண்டில் இந்நாட்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள், தன் உடலையும் பொருளையும், பிறருடைய உடலையும் பொருளையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்தன. மற்றொன்று அதே ஆண்டின் 31ஆம் சட்டம். அது ஆயுதங்களைச் செய்வதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்தி, வேண்டிய இடங்களில் மக்களின் படைக்கலங்களைப் பறிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. தற்காத்துக்கொள்ளும் உரிமையை ஒரு கை கொடுக்க, தற்காக்கும் கருவியை மறு கை வாங்கிக்கொண்டது. பின்னர் லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு என்ற வேற்றுமையே அதன்பால் நம் முன்னோர் கொண்ட சினத்திற்கு முதற்காரணமாகும்.

விலக்குப் பெற்ற இந்தியரும் சிலர் இருந்தனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு மைசூரையும் குடகையும் நிர்வகித்த மார்க் கப்பன், 1861இல் குடகரின் வீரத்தையும் விசுவாசத்தையும் பாராட்டி, அவர்களை ஆயுதப் பறிப்புச் சட்டத்தினின்று விலக்கினார். இன்று கப்பன் பூங்காவில் உலவும் நம்மவர் பலர் அப்பெயருக்குரியவரின் இச்செயலை அறிந்திருக்கமாட்டார்கள். அவ்விலக்கு இன்றளவும் நீடிக்கிறது. 2021ஆம் ஆண்டில் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இனி, பெங்களூர்க் கண்டோன்மென்டிற்கு வருவோம். 1809இல் அமைந்த அப்படை முகாமை நாடிச் சிப்பாய்களாகவும், வணிகராகவும், தொழிலாளராகவும் வந்த தமிழர் பலர். அல்சூர்ப் பகுதியில் இன்றும் மதராஸ் பொறியாளர் படையின் தலைமையகம் இருக்கின்றது. அங்கிருந்த ஆங்கில அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கியைத் தம் சொந்தப் பணத்திலேயே வாங்குவது வழக்கம். அரசாங்கத் தோட்டா பொருந்தும் துப்பாக்கியை வாங்குவதே முறை. அப்போதுதான் போர்முனையில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு நேராது. அத்தோட்டா, 1887 முதல், 0.455 அங்குல வெப்ளி ரிவால்வருக்கு உரியதாயிற்று. அதன் ரவை ஒன்று ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளது.

ஆயின் அம்முகாமைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் வேறு வழி சென்றார். அவர்தாம் பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில். 1896ஆம் ஆண்டில் பம்பாயில் கப்பலிலிருந்து கரையேறும்போது அவருடைய வலது தோள் மூட்டு நழுவிற்று. அக்குறையுடனேயே அவர் பெங்களூர் வந்து குதிரைப் படையில் பணிபுரிந்தார். 1898இல் சூடான் போருக்குச் சென்றபோது, வாளை வீசத் தம் தோள் இடம் தராது என்று கருதி, மௌசர் பிஸ்டல் ஒன்றை வாங்கினார். அதன் விட்டம் 7.63 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 0.30 அங்குலம், அதில் பத்துத் தோட்டாக்கள் அடங்கும். ஓம்டர்மான் குதிரைப் பாய்ச்சலில் அதுவே தம் உயிரைக் காத்தது என்பது அவருடைய கருத்து. பின்னர்ச் சில மாதம் பெங்களூர் திரும்பி, 1899இல் படைப்பணியை விட்டார். தம் உடலின் நிலையையும் தாம் எதிர்நோக்கிய ஆபத்தையும் எண்ணி, ஒருவர் தாமே தம் குழல் விட்டத்தைத் தேர்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அச்சுதந்திரம் லைசென்ஸ் பெற்ற இந்தியக் குடிமகனுக்குக் கிட்டவில்லை. அதிகாரிக்கு எது தகுதியாயிருந்ததோ அதுவே குடிமகனுக்குத் தடையாயிற்று. படைத் தோட்டா பொருந்தும் துப்பாக்கி மக்களிடம் இருந்தால், படைக்கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டா கிளர்ச்சிக்காரருக்குப் பயன்படும் என்பது ஆட்சியாளரின் அச்சம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படைக்குரிய விட்டங்களைப் பொதுமக்களுக்கு அவர்கள் மறுக்கலாயினர். அதனால் ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளர், இந்தியாவில் விற்கும்பொருட்டு, 0.450 அங்குலத்தைக் கைவிட்டு 0.470, 0.465 போன்ற புதுப்புது விட்டங்களில் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்ய நேர்ந்தது.

உலகின் பிற பகுதிகளில் விவாதம் வேறு திசையில் சென்றது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 0.38 அங்குல ரவை எதிரியை நிறுத்தவில்லை என்று குறைகண்ட அமெரிக்கப் படையினர், 1904இல் தாம்ஸன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகளைக் கொண்டு சோதனை நடத்தி, 0.45 அங்குலமே வேண்டும் என்று முடிவு செய்தனர். ஆங்கிலப் படையோ 1932இல் 0.455 அங்குலத்தை விட்டு 0.38 அங்குலத்திற்கு இறங்கிற்று; குறைந்த பயிற்சியுள்ள வீரனும் சிறிய துப்பாக்கியைச் செம்மையாகச் சுடுவான் என்பது அதன் கருத்து. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை 1986இல் மயாமி நகரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் இருவரை இழந்தபின் 9 மில்லிமீட்டரைக் குறைகூறிப் பெரிய விட்டங்களுக்கு மாறிற்று. 2010க்குப் பிந்திய பத்தாண்டுகளில் 9 மில்லிமீட்டருக்கே திரும்பிற்று. கைத்துப்பாக்கியில் விட்டத்தினும் முதன்மையானவை இரண்டு என்பதே அத்துறை கண்ட முடிவு: ரவை உரிய இடத்தில் படுதல் ஒன்று, போதிய ஆழம், அதாவது சோதனைக் கூழில் 12 முதல் 18 அங்குலம் வரை, ஊடுருவுதல் மற்றொன்று.

நம் நாட்டுத் தடை எண்ணியதைச் சாதித்ததா என்று கேட்டல் வேண்டும். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். அது லைசென்ஸ் பெற்று வந்ததன்று. நம் காலத்திலும், 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பயன்பட்டது 7.65 மில்லிமீட்டர் நாட்டுத் துப்பாக்கி. அங்குலக் கணக்கில் அது 0.32 ஆகும், சட்டம் குடிமக்களுக்கு அனுமதிக்கும் சிறு விட்டமே அது. சிறு விட்டம் தீங்கற்றது என்று எவரும் கருதுதல் தகாது. கள்ளத்தனமாகச் செய்யப்படும் ஆயுதத்தை விட்டத் தடை தொடுவதில்லை என்பதும் தெளிவு.

விடுதலை இயக்கத்தார் இச்சட்டத்தை மறக்கவில்லை. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் ஆயுதச் சட்டத்தை எதிர்த்துப் பிபின் சந்திர பாலர் முழங்கினார். 1931ஆம் ஆண்டுக் கராச்சி மாநாடு, ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக வைத்தது. ஆயினும் 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில், மங்களூரில் பிறந்த எச். வி. காமத் அவ்வுரிமையை அடிப்படை உரிமைகளுடன் சேர்க்கத் திருத்தம் கொணர்ந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. எவர் கையில் ஆயுதம் இருக்கலாம் என்பதை ஒழுங்கு செய்யும் ஆற்றல் அரசிடம் இருத்தல் வேண்டும் என்பதே அம்முடிவின் சாரம். தங்களை அடக்கிய சட்டத்தை எதிர்த்தவர்களே, ஆட்சிப் பொறுப்பு வந்ததும் அதன் வேரைப் பிடுங்கத் தயங்கினர். இதனைக் குற்றமென்று கூறுவதினும், பிரிவினைக் காலத்துக் குருதியைக் கண்ணால் கண்டவர்களின் எச்சரிக்கை என்று கூறுதல் பொருத்தம்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. இன வேற்றுமை நீங்கிற்று. விட்ட வேற்றுமை நீங்கவில்லை. படையின் 9 மில்லிமீட்டர் தோட்டா, 0.45, 0.455, 0.380 அங்குலத் தோட்டாக்கள் ஆகியவற்றை ஏற்கும் கைத்துப்பாக்கி எதுவும் விதிகளின்படி தடைசெய்யப்பட்ட வகையில் சேரும். மேனாட்டு விவாதத்தின் இரு பக்கத்து விடைகளும் இவ்வாறு அடைபட, நம்மவருக்குப் பெரும்பாலும் எஞ்சியது 0.32 அங்குலம். இவ்விட்டத்து ரிவால்வர் தோட்டா 1896இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் ரவை ஏறத்தாழ 6 கிராம் எடையுள்ளது. கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளில் இவ்விட்டத்து ரிவால்வர்கள் செய்யப்படுகின்றன. 2012ஆம் ஆண்டு டில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்பிற்கென்று 2014இல் வெளிவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் 0.32 அங்குலமே. எடை அரைக் கிலோ. விலை அப்போது சுமார் 1,22,000 ரூபாய். அஞ்சி வாழும் ஏழைப் பெண்ணுக்கு அது எட்டாக் கனி என்பதை விளக்க வேண்டுவதில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் சிலர், மொழி அறியாத ஊரில் துணையற்று இருக்கிறோம் என்ற அச்சத்தால் துப்பாக்கியை நாட எண்ணுவதுண்டு. அவர்கள் அறியவேண்டுவன சில. வயது 21 நிரம்பியிருத்தல் வேண்டும். பெங்களூரில் லைசென்ஸ் வழங்குபவர் நகரப் போலீஸ் கமிஷனர். போலீஸ் அறிக்கையின் பின்னரே உத்தரவு பிறக்கும்; மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஊர் மாறிச் சென்றால் புதிய ஊரின் லைசென்ஸ் அதிகாரிக்குத் தெரிவித்தல் கடமை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளன. தற்காப்பு உரிமை இப்போது, 2024 ஜூலை முதல், பாரதிய நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தற்காக்கத் தேவையான அளவிற்கு மேல் தீங்கு செய்யலாகாது என்ற எல்லை அங்கும் உண்டு. துப்பாக்கியின் விட்டம் எதுவாயினும் அவ்வெல்லை மாறாது.

ஆகவே, எந்த விட்டம் சிறந்தது என்று நம் நாட்டில் ஒருவர் கேட்கும்போது, அவர் அறியாமலே மற்றொரு கேள்வியையும் கேட்கிறார்: குடிமகனை அரசு எவ்வளவு நம்புகிறது? அந்நிய ஆட்சி அதற்கு ஐயத்தோடு விடை கூறிற்று. நம் ஆட்சி அந்த விடையைத் திருத்தியது; முற்றிலும் மாற்றவில்லை. படைத் தோட்டா கிளர்ச்சிக்காரரைச் சேரும் என்ற பழைய அச்சத்தில் பிறந்த ஒரு பட்டியல், அந்த ஆட்சி நீங்கி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்னரும், தனித்து வாழும் ஒருவர் எதைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்பதை வரையறுக்கின்றது. அது இன்றும் வேண்டுவதுதானா என்பதை நாம் அமைதியாக ஆராய்ந்து பேசுதல் நன்று. அவ்வாறு பேசும்போது, பெரும்பாலான குடும்பங்களை இரவில் காப்பவை அண்டை வீட்டாரின் உறவும், விழிப்புள்ள தெருவும், அழைத்தவுடன் வரும் காவல் நிலையமுமே என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.