பதுளையிற் கல்லும் பெயரும்

ஓர் ஊரின் வரலாற்றை ஏட்டிற் கற்பதோடு அமையாது, அதன் தெருக்களில் நடந்தும் கற்றல் வேண்டும். ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை இதற்கு ஏற்ற ஊராகும்.

முதலிற் காணத்தக்கது புனித மாற்கு தேவாலயம். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் றோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக அஃது எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் அவர் என்பர். 1817இல் இறந்த சோபியா வில்சன் என்னும் அம்மையாரின் கல்லறைக் கல்லோ அரசமரத்தின் அரவணைப்பில் அகப்பட்டது. அவர்தங் கணவர் அவ்வாண்டிலேயே ஊவாக் கிளர்ச்சியின் தொடக்கத்திற் கொல்லப்பட்டார்.

அடுத்தது புகையிரத நிலையம். 1924இல் இங்கு வந்தடைந்த இருப்புப்பாதை, தோட்டத் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. அத்தேயிலையைப் பறித்தோர், கங்காணிமாரால் தமிழகத்தினின்றும் அழைத்து வரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். றோஜர்ஸுக்குத் தேவாலயம் உண்டு. வில்சன் அம்மையாருக்குக் கல் உண்டு. இவர்களுட் பெரும்பாலோரின் பெயர்களோ தோட்டத்துச் செக்றோலோடு நின்றன.

இது சிறு குறையன்று. முன்னோரின் பிறப்பை ஆவணங்கொண்டு மெய்ப்பிக்குமாறு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டபோது, அஃது இயலாத பெருந்தொகையினர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

ஆதலின் மாணவர்காள்! கல்லிற் பொறித்த பெயர்களைப் படித்து மீளும்போது, நும் பாட்டன் பாட்டியர் பெயரையும், அவர் உழைத்த தோட்டத்தின் பெயரையும் எழுதி வைமின். செக்றோல் ஏடுகளைச் செல்லரிக்குமுன் இப்பணி முடிதல் வேண்டும்.