செவிலியர் உதவியாளர்: நோயாளர் பராமரிப்பின் அடிப்படைகள்

செவிலியர் உதவியாளர் என்பவர், பதிவுபெற்ற செவிலியரின் மேற்பார்வையில் நோயாளியின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் பணியாளர். உடம்பு துடைத்துவிடுதல், உணவூட்டுதல், படுக்கை மாற்றுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், உடல்நிலையைக் கவனித்துத் தெரிவித்தல் ஆகியவை இவருடைய முதன்மைப் பணிகள். நோயாளியின் அருகில் அதிக நேரம் இருப்பவர் இவர்தான். அதனால் மாற்றம் எதுவும் முதலில் இவர் கண்ணில்தான் படும்.

மதுரையில்

உதவியாளர் பயிற்சிக்கு மதுரை தந்த சிறந்த முன்மாதிரி அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, 2 ஆண்டுகள் பயிற்சி அளித்து, வெளிநோயாளர் பிரிவு, வார்டு, அறுவை அரங்கு ஆகியவற்றில் பணியமர்த்தும் முறை அங்கு வளர்ந்தது. மருத்துவர்கள் குறைந்த நேரத்தில் நிறைய அறுவை சிகிச்சைகள் செய்ய முடிவதற்கு இப்பெண்களின் தேர்ச்சி முக்கியக் காரணம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கும் உதவியாளர் தரும் இதே அன்றாடப் பராமரிப்பு தேவை. நகரின் மேற்கே வைகைக் கரையில் உள்ள கோச்சடை போன்ற குடியிருப்புப் பகுதிகளில், பக்கவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிவாலோ படுத்த முதியவரை வீட்டார் பார்த்துக்கொள்ளும்போது, கீழ்வரும் அடிப்படைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

உயிர்க்குறிகள்

ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையிலும், சுவாசம் 12 முதல் 20 வரையிலும் இருப்பது இயல்பு. வாய்வழி வெப்பநிலை ஏறத்தாழ 98.6 டிகிரி பாரன்ஹீட். சுவாசத்தை எண்ணுவதாகச் சொன்னால் நோயாளி அறியாமலே மூச்சை மாற்றிவிடுவார். எனவே நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அளவுகளைப் பார்த்த உடனே நேரத்துடன் குறித்துவைப்பது கட்டாயம். வழக்கமாகத் தெளிவாகப் பேசுபவர் திடீரெனக் குழறினாலோ, எழுப்ப முடியாமல் உறங்கினாலோ, அளவுகள் சரியாக இருந்தாலும் அப்போதே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

படுக்கைப்புண் தடுப்பு

அசைய முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். அடிமுதுகு, இடுப்பு, குதிகால், பின்தலை ஆகிய எலும்பு துருத்தும் இடங்களை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு மறையாவிட்டால் அது புண்ணின் தொடக்கம். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. உடம்பை இழுத்தால் தோல் உரியும் என்பதால், அடியில் விரித்த துணியைப் பிடித்து இருவராகத் தூக்கி நகர்த்துவதே முறை. “அம்மா, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கப் போறேன், கையை நெஞ்சுல வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, தேவையான இடத்தை மட்டும் திறந்து துடைப்பது நோயாளியின் மானத்தைக் காக்கும்.

உணவும் கழிவும்

உட்காரவைத்தோ தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தியோதான் உணவூட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். படுத்தபடி ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரலாம். சிறுநீர்க் குழாய் பொருத்தியவருக்கு, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் வயிற்றிலுள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. குடித்த நீரையும் வெளியேறிய சிறுநீரையும் மில்லிலிட்டரில் எழுதிவைக்க வேண்டும். மதுரையின் சித்திரை வெயிலில் முதியவர்களுக்கு நீர்ச்சத்து விரைவில் குறையும்; நாக்கு வறள்வதும் சிறுநீர் அடர்மஞ்சளாவதும் அதன் அறிகுறிகள்.

தொற்றுத் தடுப்பு

நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் சோப்பிட்டு 40 முதல் 60 நொடிகள் கைகழுவ வேண்டும். கையுறை போட்டாலும் இதற்கு விலக்கில்லை. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையிலும், பிளாஸ்டிக் குழாய்களும் கையுறைகளும் சிவப்புப் பையிலும், ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிப் பொருட்கள் நீலப் பெட்டியிலும் சேர வேண்டும்.

பணியின் எல்லை

ஊசி போடுவதும், ட்ரிப்ஸ் வேகத்தை மாற்றுவதும், மருந்தளவை முடிவுசெய்வதும் உதவியாளரின் வேலை அல்ல. வீட்டார் வற்புறுத்தினாலும் மறுத்துவிட வேண்டும். நோயாளியைப் பற்றி அறிந்ததை வெளியில் பேசக் கூடாது. இந்தியாவில் இப்பணிக்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் திறன் மேம்பாட்டுப் பயிற்சி வழங்கப்படுகிறது. பயிற்சியில் சேர்பவர்கள் சான்றிதழுடன் நின்றுவிடாமல், வார்டில் அனுபவமிக்க செவிலியருடன் போதுமான நாட்கள் பணிபுரிந்து பழகிய பிறகே தனியாக ஒரு நோயாளியின் பொறுப்பை ஏற்க வேண்டும்.