சிப்பாயின் கால் ஏன் தளர்ந்தது?

மிலிட்டரியில இருந்து ரிட்டயர் ஆன அப்பாவோ மாமாவோ "படி ஏற முடியல, தொடையில பலமே இல்ல, எப்பவும் அசதி"ன்னு சொன்னா நாம என்ன சொல்றோம்? "வயசாச்சுல்ல..."

கொஞ்சம் பழைய கதை கேளுங்க.

நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டையை 1790ல் பிடித்தது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. அந்தக் கம்பெனியின் மதராஸ் ராணுவச் சிப்பாய்கள் வட சர்க்காருக்கு, அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைக்குப் போனபோது பலருக்கு ஒரு வியாதி வந்தது. கால் மரத்துப்போகும், தளரும், வீங்கும், மூச்சு வாங்கும். சிலர் இறந்தே போனார்கள். பெரிபெரி. ராணுவ மருத்துவர் மால்கம்சன் 1835ல் இதற்கென ஒரு புத்தகமே எழுதினார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அடுத்து முதல் உலகப்போர். ஈராக்கின் கூட் நகரில் 1915 டிசம்பர் முதல் 147 நாள் துருக்கியர் முற்றுகை. உள்ளே மாட்டிக்கொண்ட படையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு பெரிபெரி வந்தது. நம்மாட்களுக்கு வரவில்லை! அவர்களுக்கு வெள்ளை மைதா ரொட்டி, இவர்களுக்குத் தவிடு நீக்காத ஆட்டா. மைதா தீர்ந்து வெள்ளைக்காரர்களும் ஆட்டா சாப்பிட ஆரம்பித்ததும் அவர்களுக்கும் பெரிபெரி நின்றது. (காய்கறி இல்லாததால் நம்மாட்களை ஸ்கர்வி வாட்டியது, அது வேறு சோகம்.)

தவிட்டில் இருப்பது வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடும், மில்லில் தீட்டினாலும் ஓரளவு தங்கும். ஆந்திரக் கடற்கரையில் தீட்டிய பச்சரிசி, நம்ம பக்கம் புழுங்கல். பெரிபெரி அங்கே நின்று இங்கே பரவாததற்கு இதுதான் முக்கியக் காரணம். பிரியாணிக்கு சீரகசம்பா இருக்கட்டும், தினசரி சோற்றுக்குப் புழுங்கலை விட்டுடாதீங்க.

இன்றைக்கு நான் ஓபியில் பி1 குறைபாட்டைச் சந்தேகிப்பது பெரும்பாலும் குடிக்கிறவர்களிடம். கேன்டீன் சரக்கு உண்டு, சாப்பாடு ஒழுங்கா இல்லை என்றால் மாஜி ராணுவ வீரருக்கும் அதே கால்தான். சுகருக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 குறையலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும். தைராய்டும் பார்க்கணும். வரும்போது எல்லா மாத்திரை அட்டையையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க.

முக்கியமா, அசதின்னாலே "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேட்காதீங்க. பி1 இல்லாத உடம்பில் பி1 கொடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏறினா மூளையே பாதிக்கப்படலாம். அதனால எவ்வளவு குடிக்கிறார், எத்தனை நாளா சரியாச் சாப்பிடலைங்கிறதை டிரிப் போடுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.