குடும்பப் படமும் கொழும்புத் தமிழரும்

ஒரு குடும்பத்தின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் காணி உறுதியைக் காட்டுவோர் உண்டு. சாதக ஓலையைக் காட்டுவோரும் உண்டு. பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில், அவ்வரலாறு விறாந்தைச் சுவரில் மாட்டிய ஒரு குழுப்படத்திலேயே அடங்கியிருந்தது.

1851இல் ஆங்கிலேயரான ஆர்ச்சர் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம் பிடித்து, உடனே கழுவியும் முடிக்கவேண்டும். படம் பதியச் சில விநாடிகள் செல்லும். அதுவரை அசையாதிருத்தல் வேண்டும். முதியோர் அமர்ந்திருப்பார், குழந்தை இருக்குமா? பழைய படங்களிற் பிள்ளையின் முகம் புகைபோற் கலங்கியிருப்பதும், பெரியோர் கடுகடுவென்று விழிப்பதும் இதனாலேயே. அவர்கள் சிரிக்கத் தெரியாதவர்கள் அல்லர்.

1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், களுத்துறைப் பகுதியில் எளிய மக்களைப் படம் பிடித்தார். அப்படங்களின் அழகை மறுப்பாரில்லை. ஆயினும் அவற்றில் நிற்போர் பெரும்பாலும் பெயரற்றவர். குடும்பப் படமோ இதற்கு மாறானது: கலை குறைவு, பெயர் நிறைவு.

உலர்ந்த தகடுகள் கடைக்கு வந்தபின் படம் பிடிப்பவரின் சுமை குறைந்தது. 1890இல் கொழும்பில் பிளாட்டே நிறுவனம் தோன்றியது. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறையைக் கொழும்போடு இணைத்தது. ஒரு மகன் கொழும்பில் எழுதுவினைஞன். மற்றவன் மலாயாப் புகையிரதப் பகுதியில் உத்தியோகத்தன். தாய் தந்தையர் ஊரில். இப்படி மூன்றாய்ப் பிரிந்த குடும்பம் ஒன்றுசேரும் நாள் கலியாணமோ, திருவிழாவோ, கப்பலேறுமுன் வரும் விடுமுறையோதான். அந்நாளிற் படம் பிடிப்பிக்காவிடின் பின்பு வாய்க்காது.

ஆகவே ஏற்பாடு முன்கூட்டியே தொடங்கும். வீட்டார் இராகுகாலம் பார்ப்பர். படம் பிடிப்பவர் வெயில் பார்ப்பார். இரண்டும் ஒத்துவருவது அரிது. முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டப்படும்; அயல் வீடுகளின் கதிரைகள் வந்துசேரும். நடுவில் அப்புவும் ஆச்சியும். மருமகனுக்குக் கதிரை கட்டாயம். பெற்ற மகன் பின்னால் நிற்கலாம், அவனுக்கென்ன குறை? மாமனை ஓரத்தில் இருத்தினால் அடுத்த கலியாணத்துக்கு அவர் வருவாரோ என்பது ஐயம். சிறுவர் முன்னே பாயிற் சப்பாணி கட்டி அமர்வர். மூவர் மட்டும் நின்று எடுக்கலாகாதென்ற நம்பிக்கையால் நாலாவதாக ஒரு பிள்ளையை இழுத்து நிறுத்துவதும் உண்டு.

இறந்தவரையும் விட்டுவிடுவதில்லை, அவருடைய படத்தை முக்காலியிலோ மடியிலோ வைத்துக்கொள்வர். மலாயாவில் நிற்பவனுக்கு இடம் விட்டுப் பின்னர் அவன் முகத்தை ஒட்டிச் சேர்ப்பதும் வழக்கம். தலை சற்றுப் பெரிதாக இருக்கும். ஒருவரும் குறை சொல்வதில்லை. உயிரோடு வீட்டிலிருந்த இளம் விதவைக்கு மட்டும், பல குடும்பங்களில், ஓரத்திலும் இடமில்லை. மங்கல நாளென்று அவளை உள்ளே இருத்திவிட்டனர். இறந்தவருக்கும் தொலைவிலிருந்தவனுக்கும் வழிகண்ட வரிசை இவளுக்கு வழிகாணாதது பெருங்கொடுமை.

பின்பு பிரதிகள். ஊருக்கொன்று, கொழும்புக்கொன்று, கடல்கடந்து ஒன்று. இது பாதுகாப்புக் கருதிச் செய்ததன்று. மனத்தாங்கல் வராதிருக்கச் செய்தது. ஆனால் 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, அலுமாரிகளோடு அல்பங்களும் சாம்பலாயின. உடுத்த உடையோடு அகதி முகாம் புகுந்து, கப்பலேறி வடக்கே சென்றவரின் கையில் படம் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது ஊர்ப் பிரதிகள் பலவும் சுவரிலேயே நின்றுபோயின. அதன்பின் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ ஒரு மாமியின் பெட்டியடியிற் கிடந்த பிரதியே குடும்பத்துக்கு எஞ்சியது. அதையே திரும்பப் படம் பிடித்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பினர்.

இன்றும் வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களில் குழுப்படம் எடுக்கப்படுகிறது. பல தேசங்களிலிருந்து வந்தவர்களை ஒரே நேரத்தில் மேடையேற்றுவது பெரும்பாடு. யார் இருப்பது, யார் நிற்பது என்ற வழக்கும் தீரவில்லை.

மலாயாவிலிருந்து மீண்ட பழைய படங்களிற் சிலவற்றின் பின்புறத்தில் மையெழுத்து மங்காமல் இருக்கிறது. இடமிருந்து வலமாக: பெரியையா, சின்ன மாமி, ஆசைத்தம்பி, பெத்தாச்சி. எழுதியவர் தம் பெயரை எழுதவில்லை. ஆகையால் அது யாருடைய பெரியையா என்று சொல்லக்கூடியவர் குடும்பத்தில் ஒருவரோ இருவரோதான். அவர்களுக்கும் எண்பது கடந்துவிட்டது.