மார்கழி மழையும் மதாம் வீட்டு விவிகமும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பையனோட சிநேகிதப் பிள்ளைகள் நாலு பேர் சென்னையிலிருந்து நிலம் பார்க்க வந்திருந்தார்கள். வரும் வழியில் பாண்டிச்சேரி டவுனில் இறங்கி ஒரு அட்டைப் பெட்டி வாங்கி வந்திருந்தார்கள். திறந்தால் விவிகம்! பாண்டிச்சேரி கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ரவை கேக். "அங்கிள், இது பிரெஞ்சுக்காரங்க கேக்" என்று எனக்கே விளக்கம் சொன்னார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை ஒரு துண்டை வாங்கி மோந்து பார்த்தது. வாயில் போட்டு மெதுவா மென்றது. "ரவை ஊறல. அவசரப்பட்டுட்டான்" என்றது. பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, பொக்கை வாய்க் கிழவிக்கு பிரெஞ்சுக் கேக்கைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

எங்க ஊர் வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற ஒரு சின்ன கிராமம். இன்றைக்கும் எங்க பக்கம் பஞ்சாயத்துக்கு கொம்யூன் என்றுதான் பெயர். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவன் வைத்த பெயர் போர்டில் இருக்கிறது. எங்கள் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18ஆம் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது.

என் அத்தை, அதாவது அப்பாவோட தங்கச்சி, 19 வயசில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது. எங்களுக்கு இருந்தது ஒண்ணரை காணி நிலம். அதில் எத்தனை வாய்க்குச் சோறு போட முடியும்? டவுனில் சம்பா கோயில் பக்கத்தில் ஒரு சொல்தா வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தது. 27 வருஷம் அந்த வீட்டு அடுப்பைப் பார்த்தது.

சொல்தா என்றால் பிரெஞ்சு மொழியில் சிப்பாய். 1881இல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு ஆணை போட்டது. பாண்டிச்சேரிக்காரர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தை விட்டுக்கொடுத்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்று. அப்படி மாறியவர்களில் பலர் பட்டாளத்திலும் சர்க்கார் உத்தியோகத்திலும் சேர்ந்து கப்பல் ஏறினார்கள். சைகோன் போனவர்கள் நிறைய. அத்தை வேலை செய்த வீட்டு ஐயாவும் சைகோனில் இருந்துவிட்டு வந்தவர்தான். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். வீட்டம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். மதாமும் தமிழச்சிதான். நம்மைப் போல கறுப்புதான். பேசுவது தமிழும் பிரெஞ்சும் கலந்து.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். உலர்ந்த திராட்சை, சர்க்கரைப் பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல், இஞ்சி எல்லாம் பொடிசா நறுக்கி ரம்மில் ஊறப்போட்டு, பீங்கான் ஜாடியில் துணி கட்டி வைப்பார்கள். தினம் ஒரு தடவை ஜாடியைக் குலுக்கி வைக்க வேண்டியது அத்தையோட பொறுப்பு.

எங்களுக்கும் அதே சமயத்தில்தான் வேலை வரும். டிசம்பர் பாதியில் அப்பா சைக்கிளில் டவுனுக்குக் கிளம்புவார். பின்னால் கேரியரில் கூடை. கூடையில் வைக்கோல் பரப்பி நாட்டுக்கோழி முட்டை. ஹேண்டில்பாரில் தூக்குச் சட்டி. அதில் எங்க எருமைப் பாலில் எடுத்த வெண்ணெய் தண்ணியில் மிதக்கும். முன்னால் பாரில் நான். பத்து கிலோமீட்டர் போல. வடகிழக்கு மழை நேரம். ரோடெல்லாம் சேறு. ஒரு முட்டை உடைந்தாலும் அப்பா முகம் மாறிவிடும். அந்த முட்டைக் காசில்தான் பொங்கலுக்கு எங்களுக்குத் துணி.

மதாம் வீட்டுக்கு வாசல் வழியாகப் போக மாட்டோம். பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் தட்டினால் அத்தை வந்து திறக்கும். 27 வருஷமும் அத்தை போய் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். இதை நான் குறையாகவும் எழுதவில்லை, மறைக்கவும் இஷ்டமில்லை. அப்படித்தான் இருந்தது.

விவிகம் செய்யும் விதத்தை அத்தை வாயால் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு கிலோ ரவை, ஒரு கிலோ சர்க்கரை, முக்கால் கிலோ வெண்ணெய். முட்டை கடைமுட்டை என்றால் 24, நாட்டு முட்டை சின்னது என்பதால் 30. ரவையை ஒரு கரண்டி நெய்யில் வாசனை வரும் வரைக்கும் வறுத்து ஆற வைக்கணும், சிவக்க விடக்கூடாது. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கிற வரைக்கும் குழைக்கணும். மஞ்சள் கருவை ஒவ்வொன்றாக அதில் சேர்த்து, ரவையைக் கொட்டிக் கிளறி, மூணு மணி நேரம் மூடி வைக்கணும். பிறகு ரம்மில் ஊறியதும் முந்திரியும். முந்திரி எங்களுக்குத் தூரமில்லை, பக்கத்தில் பண்ருட்டிதான். கடைசியில் வெள்ளைக் கருவை நுரை வர அடித்து, நுரை உடையாமல் கலக்கணும்.

மைதா போடாமல் ரவை ஏன் என்று கேட்டேன். "மைதா கேக்கு இன்னிக்கி நல்லா இருக்கும், நாளான்னிக்கி வரண்டு போயிடும். ரவை வெண்ணெயக் குடிச்சிக்கினு அப்படியே கெடக்கும். பொங்கல் வரைக்கும் வெச்சித் தின்னலாம்டா" என்றது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துப் பண்டம். மழைக்கால ஈரத்திலும் நாள் தாங்க வேண்டும். ரம், சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் அந்த வேலையைச் செய்தன.

இதில் முக்கியமான சேதி, மதாம் வீட்டிலேயே கேக் சுடும் அடுப்பு கிடையாது. அநேகம் வீடுகளில் கிடையாது. கலந்த மாவைத் தகர அச்சுகளில் ஊற்றி, தலையில் வைத்துத் தெருமுனை ரொட்டிக்கடைக்குக் கொண்டு போவார்கள். அங்கே செங்கல் வைத்துக் கட்டிய விறகு அடுப்பு, ஒரு சின்ன ரூம் மாதிரி. விடியற்காலையில் நீட்டு ரொட்டி போட்டு எடுத்த பிறகு சூடு கொஞ்சம் இறங்கும். ரொட்டிக்கு வேண்டிய சூடு கேக்குக்கு ஆகாது, மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். அந்த இறங்கு சூட்டுக்காகக் காத்திருந்து கேக்கை உள்ளே தள்ளுவார்கள். அடுப்பில் எரிவது சவுக்கு விறகு. அதுவும் எங்களை மாதிரிக் கிராமத்துக்காரர்கள் வண்டி கட்டிக் கொண்டுபோய் போட்டதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ரொட்டிக்கடை வாசலில் பத்து இருபது பொம்பளைகள் அச்சோடு வரிசையில் நிற்பார்கள். அங்கேயே நின்று வெள்ளைக் கருவை அடிப்பார்கள். முன்னாடியே அடித்தால் நுரை அடங்கிவிடும். அத்தைக்குக் கை ஓய்ந்தால் கொஞ்ச நேரம் நான் அடிப்பேன். அச்சு மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுத் தகரத்திலும் ஆணியால் ஒரு அடையாளம். மதாம் வீட்டு அச்சில் ஒரு பிரெஞ்சு எழுத்து. அத்தைக்கு எழுத்து தெரியாது. அதனால் ஓரத்தில் தானாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டது.

வரிசையில் நின்றவர்களில் வீட்டு எஜமானிகள் சில பேர்தான். மற்றதெல்லாம் அத்தை மாதிரி வேலைக்கு வந்தவர்கள். கலந்தவர்களும் அவர்கள், சுட்டு எடுத்தவர்களும் அவர்கள்.

பாண்டிச்சேரி சரித்திரம் என்றால் 1674இல் பிரான்சுவா மார்த்தேன் வந்தது, துய்ப்ளே ஆண்டது, 1761இல் இங்கிலீஷ்காரன் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியது என்றுதான் படிக்கிறோம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பட்டணம், மேற்கே தமிழர் பட்டணம் என்று வரைபடத்தில் பார்க்கிறோம். விடியற்காலையில் வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போய் அடுப்பு மூட்டியவர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரன் நாக்கில் நம்ம ருசி ஒட்டியது அவர்கள் கைவழியாகத்தான்.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சித்திரை வெயிலில் எங்கள் வீடுகளில் வடகம் போடுவோம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் எல்லாம் இடித்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, ஒரு வாரம் பத்து நாள் காய வைப்போம். வருஷம் பூராவும் குழம்பு தாளிக்க அதுதான். இந்த வடகம் பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய், வாதுவான் என்று பெயர் மாறி, இன்றைக்கு வெளிநாட்டுப் பெரிய ஓட்டல்களில் மீன் மேலே தூவுகிறார்கள். நம்ம வடகம் அங்கே போய் பிரெஞ்சுப் பெயர் வாங்கிக்கொண்டது. அவர்கள் கேக் இங்கே வந்து ரவையும் முந்திரியும் எருமை வெண்ணெயும் சேர்த்து விவிகம் ஆனது. பிரான்சில் போய் விவிகம் கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்புறம் அது எப்படி பிரெஞ்சுக் கேக்?

மதாம் நல்ல மனுஷி என்று அத்தை சொல்லும். சம்பளம் கம்மிதான். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று ஒரு அச்சு கேக்கை முழுசாகத் துணியில் கட்டி அத்தை கையில் கொடுத்துவிடுவார். எங்க வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் அத்தை வருகிற பஸ்ஸுக்காக நாங்கள் ஏழு பிள்ளைகள் ரோட்டில் நிற்போம். பாட்டி அரிவாள்மணையில் நறுக்கும். ஆளுக்கு விரல் நீளம் ஒரு துண்டு. அதில் ரம் இருப்பது பாட்டிக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

1996இல் மதாம் குடும்பம் பிள்ளைகளோடு இருக்க பிரான்சுக்கே போய்விட்டது. மதாமிடம் ஒரு நோட்டு உண்டு. விவிகம் உட்பட எல்லாப் பக்குவமும் பிரெஞ்சில் எழுதி வைத்த நோட்டு. 27 வருஷத்தில் அத்தை அதைத் திறந்ததில்லை. திறந்து என்ன செய்யும்? அந்த நோட்டு கப்பலோ விமானமோ ஏறிப் போய்விட்டது. நோட்டில் இருந்தது அத்தை கையில் தங்கிவிட்டது. அந்த ரொட்டிக்கடை விறகு அடுப்பையும் பின்னாளில் இடித்துவிட்டு மின்சார அடுப்பு வைத்துவிட்டார்கள். வெளி ஆள் அச்சை வாங்குவதில்லை.

அத்தைக்கு இப்போது 75 வயசு. இரண்டு வருஷமாக கை நடுங்குகிறது. சில நாள் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதனால்தான் பயந்துபோய் போன டிசம்பரில் நானே செய்து பார்த்தேன். அடுப்பு இல்லை. பெரிய அலுமினிய அண்டாவில் நாலு விரக்கடை ஆற்று மணல் போட்டு, சூடேற்றி, நடுவில் அச்சை வைத்து, மூடிமேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்பினேன். முதல் தடவை அடி கருகிப்போச்சு. பெண்டாட்டி திட்டினாள், 30 முட்டை நாசம் என்று. இரண்டாம் தடவை அத்தை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தது. மூடியைத் திறக்கவே விடவில்லை. "வாசனை வரட்டும்டா. மொதல்ல வெண்ணெ வாசனை வரும், அத நம்பாத. அப்புறம் ரவை வாசனை வரும், அப்ப எறக்கு" என்றது. இதை எந்த நோட்டில் எழுதியிருப்பார்கள்?

சரியாக வந்தது. மூணு நாள் ஊறவிட்டு நறுக்கினோம். அத்தை ஒரு துண்டு தின்றுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு துண்டு கேட்டது.

சென்னைப் பிள்ளைகளிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அதில் ஒரு பெண் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆயா, எங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள். அத்தை அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது. "நுரை அடிக்க நல்ல கை. மார்கழிக்கு வா" என்றது.

முட்டைக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். திராட்சையை அடுத்த வாரம் ஊறப்போட வேண்டும்.