193 பேர் சொன்ன பதில்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலில் கடைசிக்கு முந்தைய நிலையம் 'தாம்பரம் சானடோரியம்'. அங்கே தினமும் ஏறி இறங்குகிறவர்களில் பலருக்கு அது ஓர் இடத்தின் பெயர், அவ்வளவுதான். டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே காசநோய் விடுதி தொடங்கியபோது அது ஒரு வைத்திய முறையின் பெயர். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை என்று மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், வீட்டை விட்டுப் பிரிந்திருப்பதுதான் அந்த முறை. காசநோய்க்காரரை வீட்டில் வைத்துக்கொண்டால் அவரும் தேறமாட்டார், கூட இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தவர்கள் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் இருந்த 193 நோயாளிகள். மருத்துவ ஆய்வுகளில் பொதுமக்கள் முன்வந்து சேர வேண்டும் என்று இன்று அழைப்பு விடுக்கிறவர்கள் சேவை, தியாகம் என்று தொடங்குகிறார்கள். அந்த 193 பேரின் கதையிலிருந்து தொடங்கினால் அழைப்புக்கு இன்னும் உறுதியான காரணம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

1952இல் ஐசோனியாசிட் வந்தது. விலை மலிவு, வாயில் போட்டு விழுங்கும் மாத்திரை. படுக்கைகள் மிகக் குறைவாகவும் நோயாளிகள் லட்சக்கணக்கிலும் இருந்த இந்தியாவுக்கு ஒரு கேள்வி எழுந்தது: மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தேடி 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதில் பங்காளிகள். ஆய்வை முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். வீட்டுக்கு யார், விடுதிக்கு யார் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. விடுதியில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன, எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அந்த வீட்டில் இருந்த சாப்பாடுதான். 1959இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பின் நோய் தணிந்தவர்கள் விடுதியில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். கூட வாழ்ந்த குடும்பத்தினரை ஐந்தாண்டு கவனித்ததில், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் அவர்களுக்கு நோய் அதிகம் பரவவில்லை என்று தெரிந்தது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு மருந்துகளின் வெற்றியோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கு சும்மா வந்துவிடவில்லை. ஐசோனியாசிட்டுடன் சேர்த்துக் கொடுத்த பி.ஏ.எஸ். என்ற மருந்தைத் தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இருமல் நின்று உடம்பு கொஞ்சம் தேறியதும் மாத்திரையை ஒதுக்கத் தோன்றுவது இயல்பு. அதனால் மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணுவார்கள், சிறுநீர் கேட்பார்கள். அதில் ஒரு ரசாயனத்தை விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தால், மருந்து வயிற்றுக்குள் போனதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே அறைக் குடித்தனத்தில் இதற்கு ஈடுகொடுத்தவர்களின் பங்கு மருத்துவர்களின் பங்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அவர்கள் மருந்தைச் சாக்கடையில் கொட்டியிருந்தால், வீட்டிலிருந்தபடி வைத்தியம் பார்ப்பது உதவாது என்ற தவறான முடிவுதான் உலகத்துக்குப் போயிருக்கும். ஆனாலும் அவர்களை இன்றைய அர்த்தத்தில் தன்னார்வலர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். வேறு வழி இல்லாத ஏழை, இலவசமாக மருந்து தரும் இடத்தில் 'சரி' என்று சொல்வதை எவ்வளவு தூரம் விருப்பம் என்று எடுத்துக்கொள்வது? அந்த மையம் அவர்களை ஒரு வருடத்தோடு கைவிடாமல் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தது என்பது இந்தத் தயக்கத்தைக் குறைக்கிறது, போக்கிவிடவில்லை.

'எங்களைச் சோதனை எலியாக்காதீர்கள், வெளிநாட்டில் நிரூபித்த மருந்தைக் கொடுங்கள்' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அதற்குச் செங்கல்பட்டு ஒரு பதில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1950இல் தொடங்கி, பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதிலிருந்த சுமார் 54,000 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், பிசிஜி தடுப்பூசி காசநோயை ஏறக்குறைய 80 சதவீதம் தடுத்தது. அந்த எண்ணை நம்பி இங்கேயும் ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பக்கத்தில் பெரிய ஆய்வு தொடங்கியது. பிறந்து ஒரு மாதமான குழந்தை முதல் கிழவர் வரை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. ஏழரை ஆண்டுக் கணக்கோடு 1979இல் வந்த முதல் அறிக்கையும், 15 ஆண்டுக் கணக்கைச் சொன்ன 1999 அறிக்கையும் ஒன்றையே சொன்னன: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி இங்கே தடுக்கவில்லை. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதாக வேறு ஆய்வுகள் காட்டியதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். அது வேறு விஷயம். நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் வேறு நுண்ணுயிர்களின் பழக்கம் ஊசியின் வேலையை மறைத்துவிட்டது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. காரணம் எதுவானாலும், ஓர் ஊரின் உடம்பில் கிடைத்த கணக்கு இன்னோர் ஊருக்கு அப்படியே ஒத்துவராது. நாம் ஆய்வில் சேராவிட்டால் சோதனையிலிருந்து தப்பிவிட்டோம் என்று அர்த்தமாகாது. அடுத்தவர் உடம்பில் அளந்து தைத்த சட்டையை நாம் போட்டுப் பார்க்கிறோம், அதுவும் ஒரு சோதனைதான். குறித்து வைக்க ஆள் இல்லாத சோதனை.

எலியாக்கிய சம்பவங்களே இல்லை என்று சொன்னால் அது பொய். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில், பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் இருக்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அங்கே நடந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று நிறுவப்படவில்லை என்பது உண்மை. அதனால் அந்தக் கையெழுத்துகள் சரியாகிவிடாது. நம் திண்டுக்கல்லில் இன்னும் சிக்கலான கேள்வி. வினிகரில் உள்ள அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து ஆரம்ப நிலையிலேயே புற்றுநோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் முறைக்கு அங்கே 49,311 பெண்களை அழைத்தார்கள். வழக்கமான வசதிகளோடு விடப்பட்டவர்கள் 30,958 பேர். 2007இல் வந்த முடிவில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட தரப்பில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. ஏழை நாடுகளில் இந்த எளிய முறை பரவியதற்கு இது வலுவான ஆதாரம். ஆனால் இதே புற்றுநோயைக் கண்டறியப் பாப் பரிசோதனை என்று ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கும்போது ஒரு தரப்பைப் பரிசோதிக்காமல் விட்டது சரியா என்று கேட்டவர்கள் வீண் வம்புக்குக் கேட்கவில்லை. அந்தக் கிராமங்களில் அப்போது எந்தப் பரிசோதனையும் இல்லை, ஆய்வு எதையும் பறிக்கவில்லை என்பது பதில். பாதி அளவுக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய பதில் அது.

இன்றைய விதிகள் வலுப்பட்டதில் இப்படிப்பட்ட சச்சரவுகளுக்கும் பங்கு உண்டு. 2009 முதல் மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2019 விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். காரணம் சொல்லாமலேயே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எலிக்கு இது எதுவும் கிடையாது. ஆனால் உரிமைகள் தாளில் இருந்தால் போதாது, படிவத்தை நீட்டுகிறவர் நம் மொழியில், நம் நிதானத்தில் அவற்றை விளக்க வேண்டும். அப்படி விளக்காத இடத்தில் 'மாட்டேன்' என்று சொல்வதை அறியாமை என்று நான் எண்ணமாட்டேன்.

'எல்லாம்தான் கண்டுபிடித்தாகிவிட்டதே, இனி என்ன?' என்பவர்களும் உண்டு. சேத்துப்பட்டு முடிவை வைத்தே பார்க்கலாம். வீட்டுச் சாப்பாட்டிலேயே நோய் தணிந்தது என்பதால், மருந்து இருந்தால் போதும், சத்துணவு பெரிதல்ல என்று பலர் புரிந்துகொண்டார்கள். நோய் வந்தவருக்கான அந்தப் பதிலை யாருக்கு நோய் வரும் என்ற கேள்விக்கும் நீட்டிவிட்டார்கள். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இதைத் திருத்தியது. காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர் அதில் இருந்தார்கள். ஒரு தரப்பில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பை. மறு தரப்பில் வீட்டில் மற்றவர்களுக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. எல்லோருக்கும் சாப்பாடு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 1959இன் பதிலை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய, அறுபது வருடம் கழித்து வேறு ஏழைகள் வேறு வீடுகளில் எடை பார்க்க நிற்க வேண்டியிருந்தது.

செங்கல்பட்டுக் கேள்வியும் திரும்ப வந்திருக்கிறது. நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள பெரியவர்களில், சம்மதம் தருகிறவர்களுக்குப் பிசிஜி போட்டுப் பார்க்கும் முயற்சி 2024இல் நாட்டின் பல மாநிலங்களில் தொடங்கியது. பயன் இருக்காது என்று செங்கல்பட்டை ஆதாரம் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், இடைப்பட்ட காலத்தின் புதிய தரவுகளைக் காட்டி மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தோடு வரும் ஊழியரிடம் திருவள்ளூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "அப்பவே எங்க ஊர்ல போட்டுப் பாத்தீங்களேம்மா, அதுல என்னதான் தெரிஞ்சுது?" என்று கேட்கக்கூடும். பேனாவை நீட்டுவதற்கு முன்னால் அந்த அம்மா உட்கார்ந்து அதைச் சொல்லியாக வேண்டும், 15 வருடக் கணக்கோடு.